பெட்டியின் உறக்கம்

காலை பத்து இருபத்தேழுக்கு 206ஆம் எண் பெட்டி உறங்கிப்போனது. வான்மதியின் திரையில் மஞ்சளாக இருந்த கட்டம் சிவப்பானது. அவள் நேரத்தைக் குறித்துக்கொண்டு, ஆறிப்போயிருந்த தேநீரைக் குடித்து முடித்தாள். பதற ஒன்றுமில்லை. தூத்துக்குடியிலிருந்து வேம்பார் வரை, டீசலை விட்டு மின்சாரத்துக்கு மாறிய வள்ளங்கள் நானூற்றுப் பன்னிரண்டு இருந்தன. வாரத்துக்கு இரண்டு மூன்று பேட்டரிப் பெட்டிகள் இப்படி உறங்குவது வழக்கம்தான். ஒன்பது மணி நேரம் கழித்துத் தாமாக விழித்துக்கொள்ளும். அதுவரை ஒரு விளக்குக்கும் வயர்லெஸ் கருவிக்கும் போதுமான மின்சாரம் மட்டும் வரும். வள்ளக்காரர்கள் நங்கூரம் போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். அவசரமென்றால் பக்கத்து வள்ளத்தைக் கூப்பிட்டுக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு கரை சேர்வார்கள்.

உறக்கம் என்பது மீனவர்கள் வைத்த பெயர். பெட்டியைச் செய்த கம்பெனியின் தாள்களில் அது பாதுகாப்புப் பூட்டு. அந்தப் பூட்டுக்கான விதியை எழுதிய பொறியாளர் வான்மதிதான்.

பெட்டி கொடுத்த புதிதில் திரேஸ்புரத்தில் ஒரு விளக்கக் கூட்டம் நடந்தது. எஞ்சின் எங்கேயாவது உறங்குமா என்று ரெமிஜியுஸ் என்ற வள்ளக்காரர் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். வான்மதி சிரிக்காமல் பதில் சொன்னாள்.

"உள்ள இருக்கிறது லித்தியம் தகடு, அண்ணே. அதனாலதான் பழைய பேட்டரியில பாதி எடை, ரெண்டு மடங்கு ஓட்டம். ஆனா ஒவ்வொரு தடவை சார்ஜ் ஏத்தும்போதும் லித்தியம் திரும்பி வந்து தகட்டுமேல படியும். சமமாப் படியாது. முள்ளு முள்ளா எழும்பும். ஒரு முள் எதிர்ப்பக்கம் போய்த் தொட்டுதுன்னா தீதான். அதுக்காக தகட்டுமேல ஒரு படலம் பூசியிருக்கோம். முள்ளை அமுக்கி வைக்கிறது அதோட வேலை. சில நேரம் அந்தப் படலமே கிழியும். சும்மா விட்டா ஒன்பது மணி நேரத்துல தானே ஒட்டிக்கும். அந்த நேரத்துல வேலை வாங்கினா ஒட்டாது."

"புண்ணு ஆறுற மாதிரின்னு சொல்லுங்க" என்றார் ரெமிஜியுஸ். அவள் ஆமாம் என்றாள்.

பூட்டு இல்லாத காலமும் இருந்தது. முதல் வருடத்தில் வேம்பாரிலிருந்து போன ஒரு வள்ளம் நடுக்கடலில் எரிந்தது. நான்கு பேரில் ஒருவர்கூடத் திரும்பவில்லை. கம்பெனியின் சார்பில் அந்த நான்கு வீடுகளுக்கும் போனவள் வான்மதி. நான்காவது வீட்டில் அவளுக்குத் தண்ணீர் கொடுத்த பெண்ணுக்கு, தன் கணவன் இறந்த செய்தி அப்போது முழுதாகத் தெரியாது. திரும்பி வந்த வாரமே அவள் பூட்டு விதியை எழுதினாள். அதற்குப் பிறகு மூன்று வருடம் ஒரு பெட்டியும் எரியவில்லை.

பத்து நாற்பத்தொன்பதுக்கு வயர்லெஸ்ஸில் ரெமிஜியுஸின் குரல் கேட்டது. தணிந்த குரல். சிலுவைக்கு இரண்டு காலும் மரத்துவிட்டது, நிற்க முடியவில்லை, இடுப்புக்குக் கீழே கிள்ளினாலும் தெரியவில்லை என்றார். சிலுவை அவருடைய தங்கை ஜெனோவாவின் கணவன். அவனுக்கு என்ன ஆயிற்று என்று வான்மதி கேட்டாள்.

"சங்குக்கு எறங்கியிருந்தான், மேடம். ஒன்பது பாகம், பதினாறு மீட்டர் ஆழம். காத்து போடுற கம்ப்ரசர நம்ம பெட்டியிலதான் மாட்டியிருந்தோம். பெட்டி உறங்கவும் காத்து நின்னு போச்சு. மூச்சு முட்டி ஒரே மூச்சுல மேல ஏறிட்டான்."

பெட்டியில் கம்ப்ரசர் மாட்டுவது ஒப்பந்தத்தில் இல்லை. யாரும் சொல்லவில்லை, கம்பெனியும் கேட்கவில்லை. தான் எழுதிய விதி ஒரு மனிதனின் மூச்சை நிறுத்தும் என்று அவள் ஒருநாளும் நினைத்ததில்லை.

அவள் செய்ய வேண்டியதை வேகமாகச் செய்தாள். மருத்துவமனைக்குப் பேசினாள். ஆழத்திலிருந்து சட்டென்று ஏறுபவனின் இரத்தத்தில், சோடா பாட்டிலைத் திறந்ததுபோல் காற்றுக் குமிழ்கள் கிளம்பிவிடும் என்றார் மருத்துவர். அழுத்த அறைக்குள் வைத்தால் கரையும். ஆனால் இன்னும் மூன்று மணி நேரத்துக்குள் கொண்டுவர வேண்டும், தாமதமானால் கால் திரும்பாது, குமிழ் மேலே ஏறினால் உயிரும் தங்காது என்றார். மீட்புப் படகு வேறொரு வேலையாக மணப்பாடு பக்கம் போயிருந்தது. அது போய்ச் சேரவே மூன்றரை மணி நேரம் ஆகும். சங்கு குவிந்துகிடக்கும் புதிய மடை ஒன்றைக் கண்டுபிடித்திருந்ததால் ரெமிஜியுஸ் யாரிடமும் சொல்லாமல் தனியே போயிருந்தார். பக்கத்தில் வேறு வள்ளம் இல்லை. பெட்டி விழித்திருந்தால் இரண்டு மணி நேரத்தில் கரைக்கு வந்துவிடலாம்.

பூட்டை அவள் மேசையிலிருந்தே திறக்க முடியும். அதற்கு இயக்குநரின் அனுமதி வேண்டும். சென்னையிலிருந்த பத்மநாபனைத் தொலைபேசியில் பிடித்தாள். அவர் முழுவதையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, பெட்டிக்குள் அடுக்கியிருக்கும் பன்னிரண்டு தட்டுகளில் எது கெட்டிருக்கிறது, வெப்பம் எவ்வளவு என்று கேட்டார். நான்காம் தட்டு, எழுபத்தொரு டிகிரி என்றாள்.

"திறந்தா அது எரியுமா, எரியாதா?"

"தெரியாது, சார்."

"அப்போ ஒருத்தருக்காக மூணு பேரைப் பணயம் வைக்கச் சொல்றீங்க. வேம்பாருக்கு நீங்கதானே போனீங்க?"

அவர் கெட்டவர் அல்ல. அந்த நான்கு வீடுகளின் படங்களை அவரும் பார்த்தவர். வேண்டாம், மீட்புப் படகு வரட்டும் என்று சொல்லிவிட்டு வைத்தார்.

வான்மதி திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஆரம்பத்தில் ஒவ்வொரு தட்டுக்கும் தனித்தனியே ஒரு துண்டிப்பான் வரைந்திருந்தாள். கெட்ட தட்டு மட்டும் விலகிக்கொள்ளும், மற்றவை ஓடும். விலை ஏறுகிறது என்று அதை எடுத்துவிட்டார்கள். அந்தத் துண்டிப்பானின் வேலையை ஒருவன் கையால் செய்தால் என்ன?

வள்ளத்தில் மூன்றாவது ஆளாக இருந்தவன் கஸ்பார். காற்றுக் குழாயைப் பிடித்திருப்பது அவன் வேலை. வீட்டு மின்சார வேலையும் கொஞ்சம் தெரிந்தவன். அவள் அவனை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டு, பெட்டியின் மூடியைத் திறக்கச் சொன்னாள். ரப்பர் கையுறை இருக்கிறதா என்று கேட்டாள். சங்கு பொறுக்கும் கையுறை இருந்தது. உலர்ந்ததாக ஒன்றை எடுத்து மாட்டிக்கொள்ளச் சொன்னாள். நான்காம் தட்டிலிருந்து இரண்டு செப்புப் பட்டைகளைக் கழற்ற வேண்டும். அந்தத் தட்டை உருவி எடுத்துவிட்டு, மூன்றையும் ஐந்தையும் தடித்த கம்பியால் இணைக்க வேண்டும்.

அசைக்க அசைக்கப் படலத்தின் கிழிசல் பெரிதாகி வெப்பம் ஏறியது; முதல் பட்டை கழன்றபோது எழுபத்தெட்டு. இரண்டாவது பட்டையின் திருகு உப்பில் இறுகிப்போயிருந்தது. ஸ்பேனர் வழுக்குகிறது என்றான் கஸ்பார். எண்பத்தாறு. தொண்ணூறு. பின்னால் சிலுவை வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது.

"புகையுது, மேடம்" என்றார் ரெமிஜியுஸ். "கடத்தண்ணிய மொண்டு ஊத்தட்டா?"

"வேண்டாம், அண்ணே. ஒரு சொட்டுகூட வேண்டாம். உள்ள இருக்கிற லித்தியத்துல தண்ணி பட்டா அப்பவே பிடிச்சுக்கும். வாளியைத் தூரப் போட்டுடுங்க."

தீயைக் கண்டால் தண்ணீரை அள்ளிப் பழகிய மனிதருக்கு, நான்கு பக்கமும் கடல் கிடக்க, அது கொடிய உத்தரவு. வாளி பலகையில் உருளும் சத்தம் அவளுக்குக் கேட்டது.

நூற்று நான்கில் திருகு கழன்றது. பட்டை கழன்றதும் அந்தத் தட்டின் எண் திரையிலிருந்து மறைந்தது. அதன் பிறகு அவளுக்குத் தெரிந்ததெல்லாம் வயர்லெஸ்ஸில் வந்தது மட்டும்தான். இரண்டு ஆண்கள் முக்கினார்கள். யாரோ 'மாதாவே' என்றார்கள். கனமான ஒன்று தண்ணீரில் விழுந்தது. பிறகு வெடிச்சத்தம், அதைத் தொடர்ந்து கொதிக்கும் எண்ணெயில் தண்ணீர் பட்டதுபோல நீண்ட சீறல். பதினெட்டுக் கிலோ தட்டு கடல்மேல் வெள்ளையாக எரிந்து அமிழ்ந்ததை ரெமிஜியுஸ் பிறகு சொன்னார். வள்ளத்திலிருந்து நான்கு முழம்கூட இல்லையாம்.

கம்பியை இணைத்துவிட்டதாக கஸ்பார் சொன்னான். வான்மதி பூட்டைத் திறந்தாள். அனுமதி அளித்தவர் என்ற இடத்தில் தன் பெயரையே எழுதினாள்.

ஒன்று ஐம்பதுக்கு வள்ளம் கரை தொட்டது. அந்த இரண்டு மணி நேரமும் பதினொரு தட்டுகளின் எண்களைத் தவிர அவள் வேறெதையும் பார்க்கவில்லை.

சிலுவையை அழுத்த அறைக்குக் கொண்டுபோன பிறகு, பெட்டியைச் சோதிக்க அவள் திரேஸ்புரம் போனாள். ஒரு விஷயம் அவளுக்குப் புரியவில்லை. பூட்டு விழுவதற்கு இருபத்தைந்து நிமிடம் முன்பே பெட்டி கத்த ஆரம்பிக்கும். ஊரே கேட்கும் சத்தம். அவ்வளவு நேரத்தில் சிலுவையை நிதானமாகவே மேலே ஏற்றியிருக்கலாம். பத்து இரண்டுக்குக் கட்டம் மஞ்சளானதை அவளே பார்த்திருந்தாள்.

பெட்டியின் பக்கவாட்டில் ஒலிப்பானின் வாய்க்குள் பனியன் துணி திணித்து, மேலே பிளாஸ்டிக் டேப் ஒட்டியிருந்தது.

அவள் அதைப் பிடுங்கி எடுத்தாள். பக்கத்தில் நின்ற ரெமிஜியுஸ் துணியையும் அவளையும் பார்த்தார்.

"நான்தான் அடைச்சேன், மேடம்" என்றார். "மடை நெறைய சங்கு கெடந்துச்சு. இன்னொரு எறக்கம் எறங்கட்டும்னு நெனச்சேன்."

அவர் மன்னிப்பும் கேட்கவில்லை, மறைக்கவும் சொல்லவில்லை. வான்மதி அந்தத் துணியைக் கையில் வைத்துக்கொண்டே நின்றாள். பெட்டியின் கோளாறு என்றால் சிலுவையின் வைத்தியச் செலவு கம்பெனியுடையது. வள்ளத்தில் இருந்தவர்களின் தவறு என்றால் இல்லை. மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஜெனோவாவின் முகம் நினைவுக்கு வந்தது. அறிக்கையில், 'ஒலிப்பான் உப்பில் அரித்துப்போயிருந்ததால் எச்சரிக்கை கேட்கவில்லை' என்று எழுதினாள். அவள் வாழ்க்கையில் எழுதிய முதல் பொய் அறிக்கை அது.

சிலுவை பிழைத்தான். வலது காலில் உணர்வு திரும்பியது, இடது காலில் பாதிதான். கம்பெனியின் செலவில் நல்ல மருத்துவமனையில் தினமும் பயிற்சி கொடுத்தார்கள். அனுமதியின்றிப் பூட்டைத் திறந்ததற்காக வான்மதிக்கு ஒரு கண்டனக் கடிதம் வந்தது. பத்திரிகைகள் அவளைப் பாராட்டி எழுதிவிட்டதால் விஷயம் அதோடு நின்றது. ரெமிஜியுஸ் தன் தங்கையிடம் துணி விஷயத்தைச் சொல்லிவிட்டாராம். அன்றிலிருந்து ஜெனோவா அண்ணனோடு பேசவில்லை என்று கஸ்பார் ஒருமுறை சொன்னான்.

ஆறு வாரம் கழித்துப் பத்மநாபன் தூத்துக்குடிக்கு வந்தார். பூட்டையே எடுத்துவிடுவது என்று முடிவாகிவிட்டது, திங்கட்கிழமை காலை எல்லாப் பெட்டிகளிலும் ஒரே நேரத்தில் அது நீங்கும் என்றார். வான்மதிக்குத் தான் சரியாகக் கேட்டோமா என்று சந்தேகமாக இருந்தது.

"உங்க அறிக்கையை வெச்சுத்தான்" என்றார் அவர். "எச்சரிக்கையே இல்லாமப் பூட்டு விழுந்திருக்கு. ஒலிப்பான் நானூறு பெட்டியிலும் அரிச்சிருக்கும்னு வக்கீல் சொல்றார். தீப்பிடிச்சா அது விபத்து. பூட்டு விழுந்து ஆள் செத்தா அது நாம செஞ்சது."

"படலம் கிழிஞ்ச பெட்டி நிக்காம ஓடும், சார்."

"அபாயம் தெரிஞ்சுதான் வாங்கிக்கிறோம்னு அவங்ககிட்ட ஒரு கையெழுத்து வாங்கிக்கலாம். அவங்களும் பூட்டு வேண்டாம்னுதானே கேக்கறாங்க?"

அது உண்மை. சிலுவைக்கு நேர்ந்ததைக் கேட்டதிலிருந்து கரையில் எல்லோரும் அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

அன்று மாலை வான்மதி ரெமிஜியுஸின் வீட்டுக்குப் போனாள். தான் எழுதிய பொய்யையும் அதன் விளைவையும் சொன்னாள். உண்மையை எழுதினால் பூட்டு தப்பிக்கும், சிலுவையின் வைத்தியம் நிற்கும். எழுதாவிட்டால் இன்னொரு வேம்பார் எப்போது என்பதுதான் கேள்வி. அவர், எழுதுங்கள், நான்தான் அடைத்தேன் என்று என் பேரைப் போட்டே எழுதுங்கள் என்றார். தன் பெயரைப் போடச் சொன்னதை ஏன் இரண்டாம் முறையும் சொன்னார் என்பது அவளுக்கு அப்போது உறைக்கவில்லை.

அவள் எழுதி அனுப்பினாள். சனிக்கிழமை விசாரணை வைத்தார்கள். பத்மநாபனும் வக்கீலும் ஒரு பக்கம், வான்மதி எதிரே. ரெமிஜியுஸ் சுவரோரம் நின்றார். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை. துணியை நீங்கள்தான் அடைத்தீர்களா என்று வக்கீல் கேட்டு முடிப்பதற்குள் கதவு திறந்தது. சக்கர நாற்காலியில் சிலுவை இருந்தான். தள்ளிக்கொண்டு வந்தவள் ஜெனோவா. கஸ்பார்தான் அவனிடம், பூட்டை எடுக்கப்போகிறார்கள் என்று சந்தோஷமாகச் சொல்லியிருக்கிறான்.

"துணி அடைச்சது மச்சான் இல்ல, நான்" என்றான் சிலுவை. "அலாரம் அடிச்சா மேல வரச் சொல்லிருவாரு. வந்தா அன்னைக்கு எறக்கம் அம்புட்டுதான். மறுநாள் எவனாவது மடையக் கண்டுபிடிச்சிருவான். அதான் எறங்குறதுக்கு முன்ன, அவரு நங்கூரத்துப் பக்கம் போனப்ப அடைச்சேன். அவரு பாக்கவே இல்ல. நான் மேல வந்து கெடக்கும்போதுதான் பாத்தாரு."

வக்கீல் எழுதுவதை நிறுத்தினார். இதைச் சொல்வதால் வைத்தியம் நின்றுவிடும் என்று தெரியுமா என்று பத்மநாபன் மெதுவாகக் கேட்டார்.

"தெரியும், சார். மச்சான் ஏத்துக்கிட்டாரு, எல்லாம் முடிஞ்சிருச்சுன்னு சும்மா இருந்தேன். பூட்ட எடுக்கப் போறதாச் சொன்னதும் இருப்புக் கொள்ளல. பெட்டி எரிஞ்சா மேல இருக்கவன் கடல்ல குதிச்சிருவான். கீழ பதினாறு மீட்டர்ல சங்கு பொறுக்கிக்கிட்டு இருக்கவன் எங்க போவான்? அவன் தலைக்கு மேலதான எரியும்? எங்க கரையில மட்டும் இருபது பேரு எறங்குறான்." அவன் வான்மதியின் பக்கம் திரும்பினான். "பூட்டு இருக்கட்டும், மேடம். காத்த மட்டும் கொஞ்ச நேரம் விட்டு வைக்கச் சொல்லுங்க."

அதற்குப் பிறகு நடந்தவை விரைவாக நடந்தன. திங்கட்கிழமைக்கு வைத்திருந்த மாற்றத்தைப் பத்மநாபன் நிறுத்தினார். பொய் அறிக்கை கொடுத்ததற்காக வான்மதியை வேலையிலிருந்து நீக்கினார். வேறு வழியில்லை என்றார். அவளும் அப்படித்தான் நினைத்தாள். போவதற்கு முன் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டாள். கம்ப்ரசர் ஓடிக்கொண்டிருந்தால், பூட்டு விழுந்த பிறகும் நல்ல தட்டு ஒன்றிலிருந்து முப்பது நிமிடம் அதற்கு மட்டும் மின்சாரம் போகும்படி விதியைத் திருத்தினாள். ஆறே வரிகள். முதல் நாளே யாராவது கடலுக்குள் என்ன செய்கிறீர்கள் என்று கேட்டிருந்தால் அன்றைக்கே எழுதியிருக்கக்கூடியவை. அந்தத் திருத்தத்துக்கு மட்டும் பத்மநாபன் மறு பேச்சில்லாமல் கையெழுத்துப் போட்டார்.

அவள் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு வெளியே வந்தபோது வாசலில் ஓர் ஆட்டோ நின்றது. ரெமிஜியுஸும் கஸ்பாரும் சிலுவையைத் தூக்கி உள்ளே உட்கார வைத்துக்கொண்டிருந்தார்கள். இனிப் பயிற்சிக்கு அரசு ஆஸ்பத்திரிக்குத்தான் போக வேண்டும், எட்டு மணிக்கே வரிசையில் நிற்க வேண்டும் என்று கஸ்பார் சொல்லிக்கொண்டிருந்தான். ஜெனோவா சற்றுத் தள்ளி, மடக்கிய சக்கர நாற்காலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அழுது முடித்த முகம். ஆட்டோவின் மறுபக்கம் சுற்றி அண்ணனிடம் வந்தாள்.

"ஆறு வாரமா உன் மூஞ்சியப் பாக்காம இருந்தேன்" என்றாள். "ஒரு வார்த்த எங்கிட்டச் சொன்னா என்னண்ணே?"

ரெமிஜியுஸ் அவள் கையிலிருந்த நாற்காலியை வாங்கி ஆட்டோவுக்குப் பின்னால் வைத்தார்.

"நீ அவன்கூடல்ல வாழணும்" என்றார்.